அம்மியடியில் குந்தின மாப்பிள்ளை

வோபர்னில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் டேகெயார் ஒன்று நடக்கிறது. அங்கே ஜதுர்சனைத் தெரியாத பிள்ளை இல்லை. ஆறடியை எட்டிப் பிடிக்கும் உயரம், அகன்ற தோள், முப்பதைத் தொடப்போகும் வயது. ஆனால் பகலில் முக்கால்வாசி நேரம் அவனுடைய தலை மூன்று வயதுப் பிள்ளைகளின் தலை மட்டத்தில்தான் இருக்கும். அந்த வயதில் எல்லாம் தரையில்தான் நடக்கின்றன. கட்டை அடுக்குவது, சண்டை பிடிப்பது, கதை கேட்பது, சப்பாத்துப் போடுவது, அழுவது, எல்லாமே. தாய் விட்டுவிட்டுப் போன துக்கத்தில் வாசலில் நிற்கும் பிள்ளை அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சம்மாணம் கொட்டி இருக்கும் அவனுடைய மடியில் போய்க் குந்திவிடும். பிள்ளைகள் மிஸ்டர் ஜே என்று கூப்பிடும் அவனுடைய மடி இன்றைக்கு யாருக்கு என்று தினமும் ஒரு வழக்கு நடக்கும். தீர்ப்பு சொல்வதும் அவன்தான்.

கணக்கியல் படிக்கப் போய் ஒரு வருடத்தில் விட்டுவிட்டு இந்த வேலைக்குப் படித்தவன். தாய் சந்திரவதனாவுக்கு அது பெரிய கவலை. கோயிலில் யாராவது கேட்டால், "ரீச்சிங் லைனில நிக்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவார். தகப்பன் சண்முகநாதன் அதிகம் பேசாத மனிதர். மகன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ரீவியின் சத்தத்தைக் குறைப்பார்.

ஜதுர்சனின் வலி எப்போது தொடங்கியதென்று அவனுக்கே சரியாகத் தெரியாது. பத்து வயதிலிருந்து உதைபந்தாட்டம் விளையாடியவன். கோடையில் புல்வெளி, குளிர்காலத்தில் உள்ளரங்கு. பதினெட்டு, பத்தொன்பதில் வலது கவட்டுப் பக்கம் ஒரு பிடிப்பு வரும், போகும். பிறகு வருவது கூடிப் போவது குறைந்தது. காரிலிருந்து இறங்கும்போது, தாழ்ந்த சோபாவிலிருந்து எழும்பும்போது, கதவு இடுக்கில் விரலை வைத்துச் சாத்தியதுபோல உள்ளுக்குள் ஒன்று நசியும். குடும்ப டொக்டர் தசைப்பிடிப்பு என்றார். தாய் வாதம் என்றார், உருளைக்கிழங்கை நிறுத்தினார், நல்லெண்ணெய் காய்ச்சித் தந்தார். தாய்க்காக அவனும் பூசினான். வீடு மணத்ததே தவிர இடுப்பு கேட்கவில்லை.

வேலைத்தலத்தில் முதலில் கண்டுபிடித்தவர் மேலாளர் ஜெயமலர் அன்ரி. கதைநேரம் முடிந்து பிள்ளைகள் எழும்பி ஓடிய பிறகும் இவன் புத்தக அலுமாரியைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பியபடி நிற்பதை அவர் கண்டார்.

"எங்க நோகுது, தம்பி?"

அவன் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டவில்லை. பெருவிரலை முன்னுக்கும் மற்ற விரல்களைப் பின்னுக்கும் வைத்து இடுப்பைக் கவ்விக் காட்டினான். "இதுக்குள்ள அன்ரி. ஆழத்தில."

"இதுக்குள்ள எண்டால் தைலம் போகாது. படம் எடு," என்றார் அவர்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு மூட்டுக்குள் மருந்து ஏற்றி எம்ஆர்ஐ. தொடை எலும்பின் தலையில் இருக்கக்கூடாத ஒரு மேடு இருந்தது. அது இடுப்புக் குழியின் விளிம்பில் வருடக்கணக்காக இடித்து, விளிம்பைச் சுற்றியிருக்கும் சவ்வைக் கிழித்துவிட்டது. பல மாதம் பிசியோ செய்தும் கேட்காததால் ஒப்பரேஷனுக்குப் பெயர் போட்டார்கள். வெட்டித் திறப்பதில்லை, சின்னத் துளைகள் வழியே கமராவை விட்டுச் செய்வது. ஆனால் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் நிருஜாவைக் கண்டான். வெக்ஸ்போர்ட்டில் வீடு. தாய் தகப்பன் மட்டக்களப்பு ஆட்கள். பல்வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்தாள். சிரித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். ஒரு பிறந்தநாள் வீட்டில், பெரியவர்கள் எல்லாரும் கீழே இருக்க, மேலே சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முகத்தில் ஸ்ரிக்கர் ஒட்டிக்கொண்டு இருந்த இந்தப் பெரிய உருவத்தைப் பார்த்து, "நீங்க ஆற்ற பிள்ளை?" என்று கேட்டாள். அப்படித் தொடங்கியது. தனியே இருக்கும்போது நீ, நான். பெரியவர்கள் முன்னால் அவள் "நீங்க" என்பாள், அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பான். இடுப்பைப் பற்றிக் கேட்டபோது, "பிசியோ செய்யிறன், பரவாயில்லை" என்று சொல்லிவைத்தான்.

ஓகஸ்ட்டில் கலியாணம் என்று நாள் வைத்தார்கள். மே மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ ஒருவர் வரமுடியாமல் போனதால் ஜூலைத் தொடக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது, வேண்டுமா என்று. அதை எடுத்தால் ஊன்றுகோலோடு மணவறை ஏறவேண்டும். விட்டால் மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவன் தாயிடம் மட்டும் கேட்டான்.

சந்திரவதனா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தவில்லை. "கலியாணம் முடியட்டும். பொம்பிளை வீட்டாருக்கு இதைச் சொல்லவேண்டாம். கால் ஏலாத மாப்பிள்ளை எண்டு ஒரு கதை எழும்பினால் பிறகு அடங்காது."

"நிருஜாவுக்குமோ?"

"அவள் தகப்பனுக்குச் சொல்லாமல் இருப்பாளே?"

ஜதுர்சன் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்து, பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டான். சொன்ன உடனே நெஞ்சு இலேசானதுபோல இருந்தது. ஆனால் அன்று பின்னேரம் நிருஜா மணவறைக்கு என்ன நிறப் பூ என்று கேட்டு ஃபோன் எடுத்தபோது, அவளோடு வழமைபோலக் கதைக்க வாய் வரவில்லை.

கலியாணம் மார்க்கம் பக்கத்து மண்டபம் ஒன்றில். மணவறையில் இருக்கை உயரம், அதனால் முதல் பாதி தப்பியது. தாலி கட்டியாயிற்று. அவன் பயந்தது அம்மியைத்தான். வீட்டில் குளியலறை பேசினைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்பிப் பழகியிருந்தான். மண்டபத்தில் பிடிக்க பேசின் இல்லை.

குந்தினான். நிருஜாவின் பாதத்தை எடுத்து அம்மியில் வைத்தான். மெட்டியைப் போட்டான். வீடியோக்காரர், "அண்ணை, அப்பிடியே ஒருக்கா மேல பாருங்கோ, இன்னொருக்கா போடுங்கோ" என்றார். அந்த இன்னொருக்காவில்தான் உள்ளே ஏதோ களக்கென்று மாட்டியது. எழும்பப் பார்த்தான். கால் வரவில்லை.

"தம்பி, எழும்பலாம்," என்றார் குருக்கள்.

அவன் எழும்பவில்லை. முன்வரிசையில் யாரோ, "மாப்பிள்ளை இப்பவே காலடியில இருக்கப் பழகிறார்" என்று பகிடி விட, மண்டபம் சிரித்தது. நிருஜாவும் சிரிக்கத் தொடங்கினாள். குனிந்து பார்த்தபோது அவனுடைய மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்பதைக் கண்டாள். சிரிப்பு நின்றது. கூறைச்சீலையோடும் அத்தனை நகையோடும் அவள் குனிந்து அவனுடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்தாள். மறுபக்கம் அவளுடைய தகப்பன் குஞ்சித்தம்பி வந்து பிடித்தார். இருவருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். அக்கினியைச் சுற்றும்போது அவள் வழமையைவிட மெதுவாக நடந்தாள், பார்ப்பவர்கள் வெட்கம் என்று நினைக்கும்படியாக.

சடங்கு முடிந்ததும் உடைமாற்றும் அறையில் கதவைச் சாத்தினார்கள்.

"மனே, எவ்வளவு காலமா இது?" என்று மகனைப்போலக் கூப்பிட்டுக் கேட்டார் குஞ்சித்தம்பி.

"கால் விறைச்சுப்போச்சு, அண்ணை. கனநேரம் இருந்ததால," என்று சந்திரவதனா முந்திக்கொண்டார்.

"அம்மா, காணும்," என்றான் ஜதுர்சன். எல்லாவற்றையும் சொன்னான். மேடு, கிழிசல், மே மாதத்து அழைப்பு எல்லாம். சொல்லும்போது ஒருவரையும் பார்க்கவில்லை, தன்னுடைய பட்டுவேட்டிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்திரவதனாவின் முகம் சுருங்கிப்போயிற்று. குஞ்சித்தம்பி அவரிடம் சொன்னார்: "தங்கச்சி, நாங்க கடையில சாமானா எடுத்தம், குறை கண்டாத் திருப்பிக் குடுக்க? வாங்க, சனம் சாப்பிடப் போகுது. அதுகள் ரெண்டும் கதைக்கட்டும்."

இருவரும் போனபின் நிருஜா கண்ணாடியைப் பார்த்தபடி தலையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"கலியாணம் குழம்பிடும் எண்டு பயந்தன்."

"எது குழம்பும்? மண்டபமா? சாப்பாடா?"

"நீ."

அவள் திரும்பினாள். "நான் உன்ர இடுப்பைப் பாத்தே ஓமெண்டனான்?" கோபத்தில் கேட்டதுதான். கேட்டு முடித்ததும் அவளுக்கே வாய்க்கோணம் துடித்தது. அடுத்த அறைக்குக் கேட்கும் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதாள். கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. "கால் ஒரு பிரச்சினையே இல்லை. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது எண்டதுதான். இனி அப்பிடிச் செய்யாதை."

"செய்யமாட்டன்," என்றான்.

அடுத்த அழைப்பு பெப்ரவரிக்குத்தான் வந்தது. அதற்கு முன் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்க இந்தமுறை நிருஜாவும் போனாள். அந்த மெலிந்த, விரைவாகப் பேசும் பெண் டொக்டர் ஒரு கையைப் பொத்திப் பிடித்து, மற்றக் கையைக் கிண்ணம்போலக் குவித்து அதற்குள் உருட்டிக் காட்டினார். உருண்டை முழு உருண்டையாக இருந்தால் வழுக்கிப் போகும், இவருக்கு ஒரு பக்கம் புடைத்திருக்கிறது, மடக்கும்போதெல்லாம் இடிக்கிறது. அந்தப் புடைப்பைச் சீவி, கிழிந்த சவ்வைத் தைத்து எலும்போடு பொருத்துவோம். வளரும் வயதில் கடுமையாக விளையாடிய பலருக்கு இப்படி வருவதுண்டு, நீங்கள் செய்த பிழை ஒன்றுமில்லை என்றார்.

"இவர் திரும்பத் தரையில் இருக்கலாமா?" என்று நிருஜா கேட்டாள். "இவருடைய வேலை தரையில்தான்."

டொக்டர் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு நோவு நன்றாகக் குறையும், எல்லாருக்கும் என்று சொல்லமாட்டேன். தரையில் இருக்கலாம், ஆனால் இருபது வயதில் இருந்தமாதிரி இருப்பார் என்று வாக்குத் தரமுடியாது.

வெளியே வந்து லிஃப்டுக்கு நிற்கும்போது ஜதுர்சன், "வாக்குத் தந்திருந்தால் நல்லாய் இருந்திருக்கும்," என்றான்.

"தராததாலதான் எனக்கு அவவைப் பிடிச்சிருக்கு," என்றாள் அவள்.

ஒப்பரேஷன் அன்று நல்ல பனி. குஞ்சித்தம்பிதான் தன்னுடைய வான் வண்டியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது நிறுத்தாமல் கதைத்தார். வீதியைப் பற்றி, உப்புப் போடாத நகரசபையைப் பற்றி, பனிக்கு என்ன ரயர் நல்லது என்று. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் ஜதுர்சனுக்கு விளங்கியது, மாமாவுக்கும் பயம்.

உள்ளே டொக்டர் வந்து, பக்கம் மாறிவிடாமல் இருக்க, அவனுடைய வலது தொடையில் பேனையால் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதினார். பிறகு மேசை, வெளிச்சம், மூக்கில் முகமூடி. உனக்குப் பிடித்த இடத்தை நினை என்று மயக்கமருந்து டொக்டர் சொன்னார். வேறு இடம் ஒன்றும் வரவில்லை. டேகெயாரின் நீலக் கம்பளம்தான் வந்தது.

விழித்தபோது அவன் முதலில் கேட்டது, "ஆர் பிள்ளையளுக்கு ஸ்நாக் குடுத்தது?" என்றாம். நிருஜா பலமுறை சொல்லிச் சிரித்த கதை இது. அவனுக்கு ஞாபகம் இருப்பது வேறு. வலது பாதம் மரத்துப்போய், தன்னுடையது இல்லாததுபோலக் கிடந்தது. பயத்தில் அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தான். மூட்டைத் திறக்கக் காலை இழுத்துக் கட்டிவைப்பதால் சிலருக்கு அப்படி இருக்கும், வந்துவிடும் என்று தாதி சொன்னார். பின்னேரத்துக்குள் வந்துவிட்டது. அன்றே வீட்டுக்கு விட்டார்கள்.

எல்லாரும் காத்திருந்த அறையில் நடந்ததையும் பிறகு நிருஜாதான் சொன்னாள். சந்திரவதனா கொண்டுவந்த இடியப்பப் பெட்டியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம். குஞ்சித்தம்பி கோப்பி வாங்கிக் கொடுத்தபோது தானாகவே சொல்லத் தொடங்கினாராம். அவருக்கு ஒரு அக்கா. சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் மெலிவு. பெண் பார்க்க வந்தவர்கள் அக்கா தேத்தண்ணி கொண்டு நடந்து வருவதைப் பார்ப்பார்கள், குடித்துவிட்டுப் போவார்கள், பிறகு பதில் வராது. கடைசிவரை வரவில்லை. "அந்த நடையைச் சனம் பாத்த பார்வை எனக்குத் தெரியும், அண்ணை. என்ர பிள்ளையை ஒருத்தரும் அப்பிடிப் பாக்கக்கூடாது எண்டுதான்." குஞ்சித்தம்பி இடியப்பப் பெட்டியை வாங்கித் திறந்து, அவருக்கு முதலில் எடுத்துக் கொடுத்தாராம்.

கலியாணத்துக்குப் பிறகு இருவரும் குடியேறிய வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்றில் அந்தக் குளிர்காலம் மெல்லப் போனது. இரண்டு ஊன்றுகோல். குனியக்கூடாது, காலைத் திருப்பக்கூடாது, ஆழமாக மடக்கக்கூடாது. சொக்ஸ் போடுவதென்றாலும் ஆள் வேண்டும். காலையில் வேலைக்குப் போகமுன் நிருஜா முழங்காலிட்டு அவனுடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துச் சொக்ஸ் போட்டுவிடுவாள். "நீ போட்ட மெட்டிக்கு வட்டியோட கட்டுறன்," என்பாள். சண்முகநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை துளைக்கும் மெசினோடு வந்தார். ஒருவரையும் கேட்காமல் குளியலறைச் சுவரில் கைபிடி ஒன்றைப் பூட்டினார். அதில் தன் முழுப்பாரத்தையும் தொங்கவிட்டுப் பார்த்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

லோறன்ஸ் வீதியில் பிசியோ செய்யும் மெலனிதான் அவனுக்கு அப்போது எசமானி. பாரம் இல்லாத சைக்கிளை மிதிக்க வைப்பாள். அவன் வேகம் கூட்டினால் கையை உயர்த்துவாள். ஊன்றுகோல் போனது. நடை நேரானது. ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்கமுடியாது என்று டேகெயாருக்குப் போனான். வாசலில் கண்ட உடனே மெலிசா என்ற நான்கு வயதுக்காரி அறையின் அந்தக் கரையிலிருந்து ஓடிவந்து பாய்ந்தாள். பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவாள். பிடித்தான். பிடித்தபடியே வலது காலில் சுழன்றான்.

அந்த வலி அவனுக்குப் பழக்கமான வலி. பிள்ளையை மெல்ல இறக்கிவிட்டு, சிரித்தபடி கை காட்டிவிட்டு, காருக்குள் வந்து இருந்து ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக்கொண்டான். தைத்தது விட்டுப்போயிற்று என்றே நினைத்தான். அடுத்த கிழமை டொக்டர் பார்த்துத் தையல் பிடித்திருக்கிறது, உள்ளே வீங்கியிருக்கிறது, பயிற்சியில் பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள் என்றார். மறுபடியும் ஒற்றை ஊன்றுகோல்.

அந்த நாட்களில்தான் அவனுக்கு மனம் விட்டுப்போனது. ஜெயமலர் அன்ரி வீட்டுக்கு வந்தபோது, தன்னைக் கைக்குழந்தைகள் பகுதிக்கோ அலுவலகத்துக்கோ மாற்றிவிடச் சொல்லிக் கேட்டான். "தரையில இருக்க ஏலாதவன் அந்த அறைக்கு என்னத்துக்கு, அன்ரி?"

அவர் கொண்டுவந்த கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்: "கதிரையில இருந்து கதை வாசி. நான் இருபது வருசமாய் முழங்கால் நோவோட கதிரையில இருந்துதான் நடத்திறன். பிள்ளையள் என்னட்டை வாறேல்லையே?"

"வருகினம்."

"அப்ப பிறகென்ன. நிருஜா, உமக்கு இந்தத் துண்டு."

ஜூனில் வேலைக்குத் திரும்பினான். முதல் மாதங்கள் ஒரு தாழ்ந்த ஸ்ரூலில். இலையுதிர் காலத்தில் மெலனி ஓம் என்றதும், தடித்த குஷன் ஒன்றைப் போட்டுத் தரையில் இறங்கினான். இடது காலை மடிக்கலாம். வலது காலை அதேமாதிரி மடித்தால் கொஞ்சநேரத்தில் இழுக்கும், ஆதலால் அதை முன்னுக்கு நீட்டிவைத்தான். நீட்டின காலின்மேல் இரண்டு பிள்ளைகள் குதிரை ஏறினார்கள். நோகவில்லை. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவனை வேறுமாதிரிக் கண்டதில்லை. ஒருநாள் மேலதிகாரி ஒருவர் அறையைப் பார்வையிட வந்தபோது, வட்டத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனைபேரும் ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டிக்கொண்டு மிகக் கவனமாகக் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது என்ன முறை என்று அவர் கேட்டார். ஜெயமலர் அன்ரி சிரிக்காமல், "எங்கட முறை," என்று சொன்னார்.

பழையபடி உதைபந்து விளையாட அவன் போகவில்லை. காரிலிருந்து இறங்கும்போது ஒன்றும் நசிவதில்லை. சில நாள், மழைக்கு முன், ஒரு மந்தமான உளைவு இருக்கும். தாய் இப்போதும் நல்லெண்ணெய் தருகிறார், அவனும் பூசுகிறான். கோயிலில் யாராவது கேட்டால் சந்திரவதனா, "டேகெயாரில வேலை. இடுப்பில ஒப்பரேஷன் செய்தவன், இப்ப நல்லா இருக்கிறான்," என்கிறார். கேட்காதவர்களுக்கும் சொல்கிறார் என்று நிருஜா சொல்வாள்.

போன நவம்பரில் ஒரு பின்னேரம், பிள்ளை ஒன்றுக்குப் பனிச்சப்பாத்து மாட்டிவிட்டு எழும்பும்போது இடது கவட்டில் ஒரு பிடிப்பு வந்தது. வலதில் வந்ததுபோலத்தான். இடதிலும் சின்னதாக ஒரு மேடு இருக்கிறது, நோகாதவரை அதைத் தொடத் தேவையில்லை என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவன் கடைசிப் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்துக்கு வந்து ஃபோனை எடுத்தான்.

"நிரு, இடது பக்கமும் பிடிக்குது. இப்பதான். முதல் தரம்."

அந்தப் பக்கம் பல் கிளறும் மெசின் சத்தம் தூரத்தில் கேட்டது.

"கனக்கவா?"

"இல்லை. சின்னன். ஆனால் உனக்குச் சொல்லவேணும்போல இருந்தது."

"சரி. மெலனிக்கு நாளைக்கு ஃபோன் எடுப்பம். இப்ப வீட்டை போ, நானும் வந்திடுவன், அப்பா நண்டு கொண்டுவந்து வைச்சிட்டுப் போயிருக்கிறார். உடைக்க ஆள் வேணும்."

அவன் இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, காரை எடுத்தான்.